கனோபஸும் கும்பமுனியும் ஒரே பெயரா? – அகத்திய விண்மீன் பெயர் விவாதம்

தோவாளை_வாசகசாலை

பிப்ரவரி 15 இரவு வாசகசாலை முற்றத்தில் வான்காட்சி. தென்வானத்தில் தெரியும், ஆங்கிலத்தில் கனோபஸ் எனப்படும் அகத்திய விண்மீனைப் பற்றித் துண்டுப் பிரசுரத்தில் நாலு வரி போட வேண்டும். வாட்ஸப்பில் சுற்றுவது இது:

"அகத்தியர் குடத்தில் பிறந்தவர். எகிப்தில் கனோபஸ் என்றால் குடம். கும்பமுனி கடல் தாண்டிப் போய்க் கனோபஸ் ஆனார். உலகின் இரண்டாவது பிரகாசமான விண்மீனுக்குப் பெயர் வைத்தவன் தமிழன்."

அச்சுக்குக் கொடுக்கலாமா? நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

கல்வெட்டுப்பித்தன்

கொடுக்காதீங்க சார். நாலு வாக்கியத்தில் இரண்டுதான் தேறும்: குடத்தில் பிறந்த கதை, இரண்டாவது பிரகாசம்.

கனோபஸ் என்றால் குடம் என்று எந்த எகிப்திய மொழியிலும் கிடையாது. இறந்தவரின் ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் தனித்தனியே வைத்த நாலு சாடிகளுக்குக் "கனோபிக் சாடி" என்ற பெயர் பிற்கால ஐரோப்பியப் பழம்பொருள் ஆர்வலர்கள் ஒட்டியது. நைல் முகத்துவாரத்தில் கனோபஸ் என்று ஓர் ஊர். அங்கே ரோமர் காலத்தில் ஒசிரிஸ் தெய்வத்தைத் தலை வைத்த சாடி உருவில் கும்பிட்டார்கள். கல்லறைச் சாடியைப் பார்த்தவர்கள் இரண்டும் ஒன்று என்று நினைத்து ஊர்ப் பெயரைச் சாடிக்குச் சூட்டிவிட்டார்கள். அவை செய்யப்பட்ட காலத்தில் எந்த எகிப்தியனும் அவற்றை அப்படி அழைத்ததில்லை.

ஆக இந்தப் பெயர் ஒட்டிய வரிசை இது: ஊர் முதலில், விண்மீன் அடுத்து, சாடி கடைசி. வாட்ஸப்காரர் கடைசியில் வந்ததை முதலில் வைத்துப் பெயர்க்காரணம் கட்டியிருக்கிறார்.

பாறசாலை_வி

அது சரி அண்ணாச்சி, ஆனா ரெண்டு பக்கமும் குடம் வருதே? அகத்தியர் குடத்தில் பிறந்தது ரிக்வேதத்திலேயே இருக்கு. எகிப்துலயும் குடத்தெய்வம். இதைத் தற்செயல்னு எப்படித் தள்ளுறது?

கல்வெட்டுப்பித்தன்

காலத்தை வைத்துத்தான்.

ரிக்வேதம் ஏழாம் மண்டலம் 33-ஆம் பாடலில் மித்திரனும் வருணனும் குடத்தில் இட்ட விந்துவிலிருந்து வசிட்டர் தோன்றிய கதை வருகிறது. அகத்தியரும் அந்தப் பாட்டில் வருகிறார். குடத்துக்கு உரிமை வசிட்டருக்கும் உண்டு என்பதை முதலில் கவனிக்கணும். அந்தப் பாட்டில் விண்மீன் பேச்சே இல்லை. முனிவர் வேறு, மீன் வேறு. இரண்டும் பிற்பாடுதான் சேர்கின்றன.

எகிப்து ஊரில் சாடித்தெய்வம் பரவியது ரோமர் காலத்தில். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே கிரேக்கர் அந்த ஊரைக் "கனோபோஸ்" என்று எழுதிவிட்டார்கள். நைல் வாயில் நிலத்தின் கடைக்கோடியில் இருக்கும் நகரம் என்று கட்டுண்ட பிரமீதியஸ் நாடகத்திலேயே வருகிறது. பெயர் வந்தபோது சாடித்தெய்வம் இல்லை என்றால், அதனால் பெயர் வந்திருக்க முடியாது. குடம் இல்லாத பண்பாடு எது, சொல்லுங்கள்?

தோவாளை_வாசகசாலை

அப்போ கனோபஸ் என்ற சொல்லுக்கு என்னதான் பொருள்? பிரசுரத்தில் ஒரு வரியாவது வேண்டுமே.

கல்வெட்டுப்பித்தன்

இரண்டு விளக்கம் புழக்கத்தில் உண்டு. இரண்டிலும் ஓட்டை.

முதலாவது மாலுமிக் கதை. டிராய் போர் முடிந்து திரும்பிய மெனலாஸ் மன்னனின் சுக்கான்காரன் கனோபோஸ்; எகிப்துக் கரையில் பாம்பு கடித்து இறந்தான்; புதைத்த இடத்தில் எழுந்த ஊருக்கும் அப்போது தென்கோடியில் தெரிந்த மீனுக்கும் அவன் பெயர். ஊர்ப் பெயர்க் காரணமாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ இதைத்தான் சொல்கிறார். ஆனால் ஹோமரின் ஒடிசியில், மூன்றாம் காண்டத்தில், மெனலாஸின் சுக்கான்காரன் பெயர் பிரான்டிஸ். அவன் இறப்பது எகிப்தில் அல்ல, ஏதென்ஸ் பக்கம் சூனியன் முனையில். பாம்பும் இல்லை. ஊர்ப் பெயரை விளக்கப் பின்னால் ஒரு மாலுமியை உண்டாக்கியிருக்கிறார்கள். நம்மூர்த் தலபுராணங்களில் ஊர்ப் பெயருக்கு ஒரு முனிவரைக் கூட்டிவருவது போலத்தான்.

இரண்டாவது "பொன் நிலம்". எகிப்திய மொழியின் பிற்கால வடிவமான காப்டிக்கில் "காஹி" நிலம், "நூப்" பொன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஏலியஸ் அரிஸ்டைடிஸ் என்ற சொற்பொழிவாளர், அந்த ஊர் எகிப்தியப் பூசாரி ஒருவர் இப்படிப் பொருள் சொன்னதாக எழுதிவைத்தார். கேட்க அழகுதான். ஆனால் கி.மு. 238-இல் எகிப்து மன்னன் மூன்றாம் தாலமி காலத்தில் அதே ஊரில் குருமார் கூடி ஓர் ஆணை வெளியிட்டார்கள். சித்திர எழுத்து, மக்கள் எழுத்து, கிரேக்கம் என மூன்றிலும் கல்லில் இருக்கிறது; 1866-இல் ஜெர்மன் ஆய்வாளர் லெப்சியஸ் எகிப்தின் தானிஸ் நகர இடிபாட்டில் முழுப்படி ஒன்றைக் கண்டெடுத்தார். கிரேக்கப் பகுதியில் "கனோபோஸ்" என்று இருக்கும் இடத்தில் எகிப்தியப் பகுதியில் இருக்கும் பெயர் பெ-குவாத் என்பதுபோல ஒலிப்பது. "காஹி நூப்" அங்கே இல்லை. ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் ஊரை அப்படிக் கூப்பிட்டிருந்தால் தங்கள் கல்லிலேயே வேறு பெயர் ஏன் வெட்டுகிறார்கள்?

போகிற போக்கில் ஒன்று: நாலு வருடத்துக்கு ஒரு நாள் கூட்ட வேண்டும் என்று ஆணையிட்டதும் இதே கல்தான். மக்கள் அதைக் கடைப்பிடிக்கவில்லை.

மீன்காட்டி_குளச்சல்

இதில் வானியல் பக்கமும் ஒரு சான்று இருக்கு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் யூடாக்ஸஸ் இந்த மீனுக்குத் தனிப்பெயரே சொல்லவில்லை. "எகிப்திலிருந்து தெரியும் மீன்" என்றுதான் குறித்தார். அவர் நூலைப் பிற்கால வானியலாளர் ஹிப்பார்கஸ் எடுத்துப் பேசும்போது இது தெரியவருகிறது. வானியலாளர் தாலமி (மேலே வந்த மன்னன் அல்ல) எழுதும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கனோபோஸ் நிலைத்த பெயராகிவிட்டது.

ஏன் "எகிப்திலிருந்து"? கணக்கு எளிது. விண்மீனின் நடுவரை விலக்கம், அதாவது வான நடுக்கோட்டிலிருந்து அது விலகியிருக்கும் அளவு, தெற்கே 52.7 டிகிரி. உச்சத்தில் அதன் உயரம் = 90 − 52.7 − உங்கள் அகலாங்கு (அட்சரேகை). அதாவது 37.3-இலிருந்து அகலாங்கைக் கழித்தால் போதும்.

ஏதென்ஸ் 38: தெரியாது.
ரோட்ஸ் தீவு 36.4: 0.9 டிகிரி. கடல்விளிம்பைத் தொட்டு மறையும்.
அலெக்சாந்திரியா 31.2: 6.1.
டெல்லி 28.6: 8.7.
உஜ்ஜைன் 23.2: 14.1.
சென்னை 13.1: 24.2.
நாகர்கோவில் 8.2: 29.1.

ஏதென்ஸ்காரனுக்கு அது பயணிகள் சொல்லிக் கேட்ட மீன். கப்பலேறித் தெற்கே போனால்தான் கண்ணில் படும். ஊர்ப் பெயர் மீனுக்கு ஒட்டியதற்கு இதைவிடக் காரணம் தேவையா? "எகிப்து மீன்" என்பது சுருங்கி, எகிப்துக் கரையில் கிரேக்க மாலுமிக்குப் பழகிய துறைமுகத்தின் பெயரானது என்பதே என் கட்சி. சுக்கான்காரன் கதையெல்லாம் அதன்மேல் பூசிய சுண்ணாம்பு.

இரண்டாயிரம் வருடத்தில் உயரம் மாறியிருக்காதா என்று யாராவது கேட்பீர்கள். இந்த மீனுக்குக் கால் டிகிரிகூட மாறவில்லை. அயனச் சலனம், அதாவது பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லச் சுழல்வது, இதை வடக்கே தள்ளி முடித்து, திரும்பும் முனையில் நிற்கிறது. யூடாக்ஸஸ் பார்த்த உயரமும் இன்றைக்கு அதே இடத்தில் பார்க்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சாரல்_செங்கோட்டை

அயனச் சலனம் என்றதும் ஞாபகம் வருவது: விந்தியத்தைத் தாண்டி அகத்தியர் தெற்கே வந்த கதை இந்த மீன் வடக்கே தெரிய ஆரம்பித்ததன் நினைவு என்று வானியலாளர் கே. டி. அப்யங்கர் 2005-இல் "கரண்ட் சயின்ஸ்" இதழில் எழுதினாரே. அதைப் பிரசுரத்தில் சேர்க்கலாமா?

மீன்காட்டி_குளச்சல்

கணக்கு சுவையானது அக்கா, முடிவுதான் வழுக்கும்.

இந்த மீன் தென் கிரகணத் துருவத்திலிருந்து (சூரியப் பாதையின் தளத்துக்குச் செங்குத்தான தென்புள்ளி) சுமார் 14 டிகிரி தள்ளி இருக்கிறது. வான்துருவம் 26,000 ஆண்டில் கிரகணத் துருவத்தை ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே ஏறக்குறைய 14,000 ஆண்டுக்கு முன் அகத்திய மீன் தென் வான்துருவத்துக்குப் பக்கத்தில், 10 டிகிரிக்குள் இருந்தது. அப்போது இந்திய நிலப்பரப்பில் அதைப் பார்க்க முடிந்த இடம் நம்ம குமரி முனைப் பக்கம் மட்டும்தான். அதுவும் கடலுக்குமேல் ஒன்றிரண்டு டிகிரி. பிறகு மெல்ல மெல்ல வடக்கே வந்தது. விந்திய அகலாங்கில் அடிவானத்தை எட்டிப் பார்த்தது இன்றைக்குச் சுமார் 9,000 ஆண்டுக்கு முன்.

இங்கேதான் சிக்கல். ஒரு டிகிரி உயர ஏறத்தாழ 300 ஆண்டு ஆகும். அடிவானத் தூசியில் இரண்டு மூன்று டிகிரி வரை மீன் மங்கித்தான் தெரியும். ஆக "புதிதாக ஒரு மீன் வந்தது" என்று எந்தத் தலைமுறையும் கண்டு சொல்லியிருக்க முடியாது. தாத்தா பார்த்ததற்கும் பேரன் பார்த்ததற்கும் வேறுபாடு கால் டிகிரிக்கும் குறைவு. அதோடு கதையின் திசையும் தலைகீழ்: முனிவர் வடக்கிலிருந்து தெற்கே போகிறார், மீன் தெற்கிலிருந்து வடக்கே வருகிறது.

விந்தியத்துக்கு வடக்கே இருப்பவன் தெற்கே நடந்தால் மீன் ஒவ்வொரு நாளும் உயர ஏறும். 111 கிலோமீட்டருக்கு ஒரு டிகிரி. தெற்கே போன முனிவர் என்ற கதைக்கு நடைப்பயணி கண்ட இந்த ஏற்றமே போதும்; பத்தாயிரம் ஆண்டு தேவையில்லை.

பாறசாலை_வி

குமரி முனை மட்டும்னு எழுதிட்டியேப்பா. இனி வாட்ஸப்ல "14,000 வருடத்துக்கு முன் குமரித் தமிழன்" ஓடப்போகுது பாரு.

மீன்காட்டி_குளச்சல்

இலங்கையிலும் தெரிந்திருக்கும், ஆப்பிரிக்காவிலும் தெரிந்திருக்கும் என்று சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி

தமிழ்ப் பக்கத்தை யாரும் தொடவில்லை. பரிபாடல் 11, நல்லந்துவனார், வையை. வானில் கோள்கள் நின்ற நிலையை அடுக்கிக்கொண்டு வந்து,

"பொதியில் முனிவன் புரைவரைக் கீறி
மிதுனம் அடைய"

என்கிறார். அகத்தியன் என்ற சொல் இல்லை. பொதியில் (பொதிகை மலை) முனிவன் என்றே மீனைச் சொல்கிறார். பரிமேலழகர் உரை அதை அகத்தியன் என்னும் மீன் என்று கொள்கிறது. மேலே வில், மகரம், பாம்பு என்று ராசியும் கோளும் வருவதால் இங்கே முனிவன் மலையில் உட்கார்ந்திருக்கும் ஆள் அல்ல, வானத்து மீன்தான் என்பதில் ஐயம் வேண்டாம்.

மிதுனம் என்பதைக் கவனியுங்கள். சூரிய சித்தாந்தம் அகத்திய மீனை மிதுனத்தின் முடிவில், தெற்கே 80 பாகையில் (டிகிரியில்) வைக்கிறது. இன்றைய அளவு தெற்கே சுமார் 76. தென்கோடி மீனுக்கு நாலு பாகைப் பிழை பெரிதல்ல. தமிழ்ப் பாட்டும் வடமொழிக் கணித நூலும் மிதுனத்தையே சொல்வது ஒரே வானியல் மரபிலிருந்து வருவது.

ஆகவே "தமிழன் பெயர் வைத்தான்" என்று எழுதத்தான் வேண்டும் என்றால் "பொதியில் முனிவன்" என்ற பெயரை எழுதுங்கள். அது உண்மையாகவே தமிழில் மட்டும் உள்ள பெயர், மலையோடு சேர்ந்தது.

தோவாளை_வாசகசாலை

அருமை. அப்படியானால் அகத்தியன் என்ற பெயர்? அகம் + தீ, உள்ளே தீ உடையவன் என்று ஒரு பேச்சாளர் சொன்னார்.

ஏட்டுச்சுவடி

மேடைக்கு நல்லது. அகராதிக்கு ஆகாது.

வடமொழி மரபு "அக" என்றால் அசையாதது, மலை. மலையை அடக்கியவன் அகஸ்தியன் என்று விந்தியக் கதையோடு சேர்த்துப் பிரிக்கும். இதுவும் கதையைப் பார்த்துப் பிரித்ததுதான். இன்னொரு பக்கம் அகத்தி மரம். நாம் கீரைக்கு வளர்க்கும் அதே அகத்திக்கு வடமொழியிலும் அகஸ்தி, அகஸ்திய என்றே பெயர். மரப்பெயர் திராவிடச் சொல், முனிவர் பெயரும் அதிலிருந்தே வந்தது என்று வாதிட்டவர்கள் உண்டு. முனிவர்களுக்கு மரம், விலங்குப் பெயர் இருப்பது புதிதல்ல என்பதால் இந்த வழி எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அகம் என்ற சொல்லைக் கோட்டை, அரண்மனை என்ற பொருளில் எடுத்துச் சிந்துவெளி வரை கொண்டுபோனார். அவ்வளவு தூரம் போக எனக்குக் கால் வரவில்லை.

கே. என். சிவராஜ பிள்ளை 1930 வாக்கில் தமிழ்நாட்டு அகத்தியர் பற்றி ஒரு ஆங்கில நூலே எழுதி, அவரைத் தமிழ் இலக்கணத்தோடு சேர்க்கும் கதைகள் பிற்பட்டவை என்று வாதித்தார். முதற்சங்கத்தில் அவரை உட்காரவைப்பது இறையனார் களவியல் உரை. பரிபாடலின் முனிவன் தமிழாசிரியர் அல்ல. மலைக்கும் மீனுக்கும் உரியவர் மட்டும்.

பாறசாலை_வி

மணிமேகலைப் பதிகத்துல கரகம் கவிழ்த்த காவிரி வருதே. குடம் அங்கயும் விடாது போல.

ஏட்டுச்சுவடி

வரும். "அமர முனிவன் அகத்தியன் தனாது கரகம் கவிழ்த்த காவிரிப் பாவை." அது பிறந்த குடம் அல்ல, கையில் இருந்த கமண்டலம். இரண்டையும் கலக்காதீர்கள்.

தண்ணீருக்கும் இந்த மீனுக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. ரகுவம்சம் நான்காம் சருக்கத்தில் கும்பயோனி உதித்ததும் நீர் தெளிந்தது என்கிறார் காளிதாசர். கும்பயோனி, அதாவது குடத்தில் பிறந்தவன், இங்கே மீனின் பெயர். வானியலாளர் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் 12-ஆம் அத்தியாயம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். மழை முடிந்து ஆறு கலங்கல் நீங்கித் தெளியும் காலமும், விடியற்காலையில் இந்த மீன் மறுபடி தலைகாட்டும் காலமும் உஜ்ஜைனில் ஒன்று சேர்கின்றன. சூரியன் கன்னிக்குள் நுழைய 7 பாகை இருக்கும்போது உஜ்ஜைனில் உதயம் என்கிறார். அதாவது ஆவணி 23-ஐ ஒட்டி. அதே இடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் தனியாகக் கணக்கிட்டுச் சொல் என்றும் எழுதியிருக்கிறார். பஞ்சாங்கத்தை அப்படியே பார்த்து எழுதுகிறவர்கள் அந்த வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மீன்காட்டி_குளச்சல்

நம்ம ஊருக்குக் கணக்கிட்டேன். நாகர்கோவில் அகலாங்கில் அகத்திய மீன் மே கடைசியில் மாலை வெளிச்சத்தில் மேற்கே மூழ்கும். ஜூலை கடைசி வாரத்தில் விடியற்காலை தென்கிழக்கே திரும்பி வரும். இடையில் இரண்டு மாதம் கண்ணில் படாது.

அந்த இரண்டு மாதம் எது? இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கி ஆடிச் சாரல் வரை. மழை இறங்கும்போது மீன் போகிறது. திரும்பி வரும்போதும் மலையாளக் கரையில் மேகம் விட்டபாடில்லை என்பதால் உதயத்தை அன்றே பார்ப்பது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் நடக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, மழைமறைவில், கிடைக்கலாம். ஆகஸ்ட் 15 அன்று காலை 5:30-க்குப் பார்த்தால் ஏற்கெனவே 13 டிகிரி ஏறியிருக்கும். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் 10 டிகிரி, ஒன்றே கால் முட்டி உயரம்.

காளிதாசரின் "நீர் தெளிந்தது" இங்கே பொருந்தாது. தெளிய வேண்டிய நேரத்தில் இங்கே ஆறு இன்னும் கலங்கித்தான் ஓடும். பெயர் நமக்குச் சொந்தம், பருவக் குறிப்பு உஜ்ஜைனுக்குச் சொந்தம்.

கடலோரம்_77

அரபிகள் வைத்த சுஹைல் என்ற பெயரை விட்டுவிட்டீர்களே. மலபார்த் துறைமுகங்களிலும் லட்சத்தீவிலும் இந்த மீனுக்கு அதுதான் பெயர்.

அரபு மூலம் ச-ஹ-ல: மென்மை, சமதளம். மீனுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஒத்துக்கொண்ட விடை இல்லை. ஆனால் அவர்கள் கதை நேர்த்தி. சுஹைல் ஜவ்ஸாவை, அதாவது ஓரையன் பக்கத்துப் பெண்ணை, மணந்தான். ஏதோ கேடு நேர்ந்து தெற்கே ஓடினான். தங்கை சிரியஸ் பால்வீதியைக் கடந்து அவன் பின்னே போனாள். ஆகவே அவள் "கடந்தவள்". மற்ற தங்கை புரோசியான் ஆற்றின் இந்தக் கரையிலேயே நின்று கண் பூளை கட்டும்வரை அழுதாள். வானத்தைப் பார்த்தால் பால்வீதியின் இரு கரையில் இரண்டு மீனும் நிற்பது தெரியும். கிரேக்கனுக்கும் அரபிக்கும் நமக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே: தெற்கே போய்த் திரும்பாத ஆள். மூவரும் ஒரே வானத்தைப் பார்த்தார்கள், அதற்குப் பெயரைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

அரபு மாலுமிகள் திசைவட்டத்தை 32 ஆகப் பிரித்து மீன்களின் உதய, மறைவுப் பெயரை வைத்தார்கள். சுஹைல் உதயம் என்றால் தெற்கிலிருந்து கிழக்கே இரண்டு புள்ளி, 22.5 டிகிரி. இதை அப்படியே நம்பி மீனைத் தேடினால் தப்பும். நம் அகலாங்கில் அது உண்மையில் உதிப்பது தெற்கிலிருந்து 36.5 டிகிரி கிழக்கே. அந்தப் பெயர் திசைக்கு ஒரு முத்திரை, அவ்வளவுதான்.

கைப்பேசிச் செயலியில் தேடுகிறவர்களுக்கு: "சுஹைல்" என்று அடித்தால் வேறு மீன் வரும். பன்னாட்டு வானியல் ஒன்றியம் அந்தப் பெயரை லாம்டா வெலோரமுக்குக் கொடுத்துவிட்டது. கனோபஸ் என்றே அடியுங்கள். அதுதான் 2016-இல் முறைப்படி ஏற்ற பெயர்.

தோவாளை_வாசகசாலை

பிரசுரத்தில் இருந்து வாட்ஸப் வாசகம் போய்விட்டது. காட்சி அன்று எப்படிக் காட்டுவது? பிள்ளைகள் கையால் ஏதாவது அளந்தால் நல்லது.

மீன்காட்டி_குளச்சல்

பிப்ரவரி 15 நல்ல தேர்வு. உச்சம் இரவு 9:04. நாள் தள்ளினால் நாளுக்கு 4 நிமிடம் முன்னால் வரும். மார்ச் 1 என்றால் 8:09.

முதலில் மிருகசீரிடம், திருவாதிரை இருக்கும் ஓரையன். அதன் மூன்று மீன் வரிசையை நீட்டித் தென்கிழக்கே போனால் சிரியஸ். அங்கிருந்து நேரே தெற்கே மூன்றரை முட்டி இறங்கினால் அகத்திய மீன். சிரியஸ் அதைவிட 21 நிமிடம் கழித்துத்தான் உச்சிக்கு வரும், ஆகவே அகத்தியன் இம்மி மேற்கே சாய்ந்திருக்கும்.

தவறும் இடம்: ஆக்கெர்னர். டிசம்பர், ஜனவரி முன்னிரவில் தெற்கே தெரியும் வெண்ணீல மீன். அதைக் காட்டி அகத்தியன் என்று சொல்லிவிடுவார்கள். சிரியஸிலிருந்து இறங்கினால் இந்தப் பிழை வராது.

அளக்க: 180 டிகிரி பாகைமானி, குளிர்பானக் குழல், நூல், நூல் நுனியில் ஒரு நட்டு. குழலைப் பாகைமானியின் நேர்விளிம்பில் ஒட்டி, நூலை மையத்துளையில் கட்டுங்கள். குழல் வழியே மீனைப் பார்க்கும்போது நூல் தொடும் எண்ணுக்கும் 90-க்கும் உள்ள வித்தியாசமே உயரம். பார்ப்பவரே எண்ணைப் படிக்கக் கூடாது. இன்னொருவர் நூலை விரலால் அமுக்கிப் பிடித்துப் படிக்கணும். தலையைத் திருப்பினால் கருவி ஆடும். காற்று அடித்தால் நட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள், ஆட்டம் நிற்கும். 8:54-இலிருந்து 9:14 வரை ஐந்து தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். அந்த 20 நிமிடத்தில் மீனின் உயரம் பத்தில் ஒரு டிகிரிகூட மாறாது, ஆகவே வரும் வேறுபாடு எல்லாம் கைப்பிழை.

37.3-இலிருந்து அந்த உயரத்தைக் கழித்தால் உங்கள் அகலாங்கு. 8-க்குப் பக்கத்தில் வரணும்.

சென்னையில் யாராவது அதே இரவு அளந்தால் கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் செய்ததைச் செய்யலாம். கி.மு. முதல் நூற்றாண்டில் அவர் ரோட்ஸில் இந்த மீன் அடிவானில், அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் 48-இல் ஒரு பங்கு உயரத்தில் என்று வைத்து, இடைத்தூரம் 5,000 ஸ்டேடியம் (பழைய கிரேக்க நீள அளவு) என்று எடுத்துப் பூமிச் சுற்றளவை 2,40,000 ஸ்டேடியம் என்றார். 48-இல் ஒரு பங்கு என்றால் 7.5 டிகிரி, உண்மை வித்தியாசம் ஐந்தே கால்தான். அடிவானத்தில் காற்று ஒளியை அரை டிகிரிக்கு மேல் தூக்கிக் காட்டும், கடல்தூரமோ மாலுமிகளின் குத்துமதிப்பு.

நமக்கு: சென்னை 24.2, நாகர்கோவில் 29.1, வித்தியாசம் 4.9. வடக்கு-தெற்குத் தூரம் 544 கிலோமீட்டர். 544 × 360 ÷ 4.9 = சுமார் 39,970. பிள்ளைகள் பேருந்துத் தூரம் 700 என்று போட்டால் 51,000-க்கு மேல் போய்விடும். போடட்டும், அந்தப் பிழையைத்தான் பொசிடோனியஸும் ஒருவகையில் செய்தார். அளவில் அரை டிகிரி தப்பினாலே விடையில் பத்து சதவீதம் போகும்.

சாரல்_செங்கோட்டை

ஒரு கேள்வி. பொதிகை முகட்டுக்கு நேர் மேலே இந்த மீன் நிற்பதை எங்கிருந்து பார்க்கலாம்? அம்பாசமுத்திரம், பாபநாசம் என்று சிலர் சொல்கிறார்கள்.

மீன்காட்டி_குளச்சல்

உச்சத்தில் மீன் சரியாகத் தெற்கே நிற்கும். ஆகவே முகட்டுக்கு நேர் வடக்கே இருக்கணும். பொதிகையின் முகடு அகத்தியர்கூடம் 1,868 மீட்டர், அகலாங்கு 8°37′, நெட்டாங்கு (தீர்க்கரேகை) 77°15′. பாபநாசம் அதற்கு வடகிழக்கே. அங்கிருந்து பார்த்தால் முகடு தென்மேற்கே இருக்கும், உச்சத்தில் மீன் அதற்கு நேர் மேலே நிற்காது.

77°15′ கோட்டை வடக்கே இழுத்துப் பாருங்கள். 40 கிலோமீட்டரில் உங்கள் ஊர்தான் அக்கா.

சாரல்_செங்கோட்டை

வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக விழுகிறது! ஆனால் இங்கிருந்து அகத்தியர்கூடம் தெரியாதே.

மீன்காட்டி_குளச்சல்

தெரியாது. குற்றால மலை முன்னால் நிற்கிறது. 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் முகடு இரண்டு டிகிரிதான் தலைதூக்கும். பக்கத்து மலை அதைவிடப் பல மடங்கு. திசை மட்டும் சரி. மீன் 28.3 டிகிரி உயரத்தில் இருப்பதால் மலை அதை மறைக்காது.

ஏட்டுச்சுவடி

இதை வைத்துச் செங்கோட்டையிலிருந்துதான் "பொதியில் முனிவன்" பெயர் பிறந்தது என்று யாரும் எழுத வேண்டாம். நல்லந்துவனார் நின்றது வையைக் கரை. மதுரை 78 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து பொதிகை தென்மேற்கே.

சாரல்_செங்கோட்டை

எழுதவில்லை சார். 15-ஆம் தேதி 9:04-க்கு மொட்டைமாடியில் குற்றாலப் பக்கம் பார்த்து நிற்கப் போகிறோம், அவ்வளவுதான். குழல், நூல், நட்டு எல்லாம் தயார். பாகைமானி மட்டும் பையனின் ஜாமெட்ரி பாக்ஸில் உடைந்து கிடக்கிறது.